பொட்டு வைத்த எரிமலைக் கல்

கோயிலுக்குப் போனால் இடது செருப்பை ஒரு மூலையிலும் வலது செருப்பை எதிர் மூலையிலும் கழற்றிவிட்டுப் போகிற ஆள் நான். ஒற்றைச் செருப்பைத் திருடி எவன் என்ன செய்யப் போகிறான் என்பது என் எண்ணம். (எந்த மூலை என்று எனக்கே மறந்துபோய், மணிமங்கலம் கோயிலிலிருந்து ஒரு காலில் மட்டும் செருப்போடு பஸ் ஏறியதும் உண்டு. போகட்டும்.)

சிலருக்குப் பிறவியிலேயே பாட்டு வரும், சிலருக்குக் கணக்கு வரும். எனக்குச் சந்தேகம் வரும். ஆட்டோக்காரர் வழி தெரியாது என்றால் சந்தேகம் வரும். தெரியும் என்று உடனே சொல்லிவிட்டால் இன்னும் கொஞ்சம் கூடவே வரும். விடுதிச் சாம்பாரில் ஒருநாள் பருப்பு தட்டுப்பட்டது. மற்றவர்கள் சந்தோஷமாகச் சாப்பிட்டார்கள். நான் மட்டும், இன்றைக்கு ஏன் போட்டார்கள் என்று யோசித்து யோசித்துப் பாதிச் சோற்றை ஆறவிட்டேன்.

இப்படிப்பட்டவளுக்கு உலகத்தில் எத்தனையோ வேலை இருக்க, தரக்கட்டுப்பாட்டு வேலை கிடைத்தது. சம்பளமும் கொடுத்து, வெள்ளைக் கோட்டும் மாட்டிவிட்டு, வருகிற பொருளையெல்லாம் சந்தேகப்படச் சொன்னார்கள். நான் அவர்கள் சொன்னதற்கு மேலேயே செய்தேன். அதனால் ஒரு நல்ல மனிதரின் வேலை போகப் பார்த்தது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு முகம் சுடுகிறது. ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் நான் எழுதாவிட்டால் என் வீட்டுக்காரர் எழுதிவிடுவார், அவர் இன்னும் மோசமாக எழுதுவார்.

என் பெயர் பேச்சியம்மாள். ஊர் கோவில்பட்டி பக்கம். வேதியியலில் எம்.எஸ்ஸி. முடித்த கையோடு ஒரகடத்தில் வேலைக்கு வந்தேன். மண்ணூரில் ஒரு பெண்கள் விடுதியில் தங்கல், காலையில் கம்பெனி பஸ். ஒரகடத்தில் கார் செய்வார்கள், டயர் செய்வார்கள், கண்ணாடி செய்வார்கள். நாங்கள் கல்லை உருக்கிப் பஞ்சு செய்தோம். இதை அம்மாவிடம் போனில் சொன்னேன்.

"கல்லுல பஞ்சு எடுக்காகளா? நல்லா விசாரிச்சியாட்டி? ஏமாத்துக் கம்பெனியா இருந்துறப் போவுது."

(என் புத்தி எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும்.)

ஏமாற்று இல்லை. கல்லை ஆயிரத்து ஐந்நூறு டிகிரி சூட்டில் உலையில் உருக்கி, அந்தக் குழம்பைச் சுழலும் சக்கரங்களின் மேல் ஊற்றினால் அது நூல்நூலாகத் தெறிக்கும். பஞ்சுமிட்டாய் வண்டியில் நடப்பதேதான், சர்க்கரைக்குப் பதில் பாறை. பாய்லர் குழாய்களில் சூடு வெளியே போகாமல் சுற்றி வைக்க அந்தப் பஞ்சு பயன்படும்.

ஆனால் எந்தக் கல்லைப் போட்டாலும் பஞ்சு வராது. அதற்கு பசால்ட் வேண்டும். எரிமலைக் குழம்பு ஆறி உண்டான கருங்கல் அது. பூமிக்குள் வெகு ஆழத்தில் உள்ள பாறையில் ஒரு சிறு பங்கு மட்டும் உருகி மேலே வரும். அதில் இரும்பும் மெக்னீசியமும் அதிகம், சிலிக்கா குறைவு, பாதிக்குப் பாதி இருந்தால் பெரிது. சிலிக்கா குறைந்தால் குழம்பு ரசம் போல ஓடும். கூடினால் களி போல இழுக்கும். மகாராஷ்டிரப் பக்கம் ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் இப்படி ரசம் ரசமாக ஓடி, அடுக்கடுக்காகப் படிந்து, மலை மலையாக நிற்கிறது. அங்கிருந்துதான் எங்களுக்கு லாரியில் கல் வரும்.

நம் பக்கத்திலும் கருங்கல்லுக்குப் பஞ்சமில்லை. வாலாஜாபாத் சுற்றுவட்டாரத்தில் கல்லுடைக்கும் கிரஷர் எத்தனை! ஆனால் இந்த உள்ளூர்க் கல்லின் பிறப்பே வேறு. பூமியின் ஆழத்தில் சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து இறுகிய பழங்கல், பசால்ட்டுக்குப் பாட்டன் பூட்டன் வயது. சார்னோக்கைட் என்று பெயர். உள்ளே குவார்ட்ஸ் நிறைய, அதனால் சிலிக்காவும் நிறைய. உலையில் போட்டால் களிதான் கிண்டலாம். தூரத்தில் நின்று பார்க்கிறவருக்கு இரண்டும் கருப்பு. கையில் எடுத்தால் வித்தியாசம் தெரியும். பசால்ட்டில் மணிகள் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிசு, லென்சில் பார்த்தால் வெள்ளை ஊசியாக ஃபெல்ஸ்பார், கருப்பாக பைராக்சின், எப்போதாவது பச்சையாக ஒலிவின். உள்ளூர்க் கல்லில் மணி பெரிசு, எண்ணெய் தடவியது போல ஒரு மினுக்கு இருக்கும்.

பசால்ட் இருக்க வேண்டிய லாரியில் உள்ளூர்க் கல்லை ஏற்றி அனுப்பிவிட்டால்? வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே இந்தச் சந்தேகம் எனக்கு வந்துவிட்டது. யாரும் அப்படிச் செய்ததில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

கல் வந்து இறங்குவது ஸ்டோர்ஸில். அதற்குப் பொறுப்பு ஏகாம்பரம் அண்ணன். ஐம்பது வயதிருக்கும். தொழிற்பேட்டைக்கு நிலம் கொடுத்த குடும்பம், நிலத்துக்குப் பதிலாக வீட்டுக்கு ஒருவருக்கு வேலை என்ற பேச்சில் உள்ளே வந்தவர். நிலம் போன பிறகு வாலாஜாபாத் பக்கம் வீடு கட்டிக்கொண்டு, தினமும் டி.வி.எஸ்.ஸில் வந்து போனார். திரும்பிப் போய் உழ அவருக்குக் காணி கிடையாது. இருந்தது இந்த வேலை ஒன்றுதான். அது எனக்கும் தெரியும், எல்லோருக்கும் தெரியும்.

அவர்மேல் எனக்கு ஏன் சந்தேகம் வந்தது? எதிரில் வந்தால் சிரிப்பார். மதியத்தில் டிபன் டப்பாவைத் திறந்து, "இந்தாம்மா, வூட்ல சுட்டது" என்று முறுக்கு கொடுப்பார். காரணமே இல்லாமல் ஒரு மனிதர் முறுக்கு கொடுப்பாரா?

ஒவ்வொரு லாரி வந்ததும் அவர் ஏழெட்டுக் கல்லை எடுத்து, லாட் எண் (ஒரு லாரிச் சுமை ஒரு லாட்) எழுதிய தட்டில் போட்டு எங்கள் சோதனைக்கூடத்து மேசையில் வைத்துவிடுவார். நான் உடைத்து, மாவாக அரைத்து, எக்ஸ்ரே கருவியில் வைத்தால் எதில் எவ்வளவு இருக்கிறது என்று அது சொல்லிவிடும். நான் கையெழுத்துப் போட்ட பிறகே அந்த லாட் உலைக்குப் போகும்.

ஆயுத பூஜைக்கு நான்கு நாள் ஊருக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது கம்பெனி முழுவதும் மாலை வாடிக் கிடந்தது. ஃபோர்க்லிஃப்ட்டுக்குச் சந்தனப் பொட்டு, எக்ஸ்ரே கருவிக்குச் சந்தனப் பொட்டு, பிரிண்டருக்கும் பொட்டு. சோதனைக்கூடம் பளபளவென்று இருந்தது. அது ஹவுஸ்கீப்பிங் கஸ்தூரி அக்காவின் கைவண்ணம். மேசையில் நான்கு தட்டு. விடுமுறையில் வந்த நான்கு லாரி.

முதல் தட்டுக் கல்லைச் சோதித்தேன். சிலிக்கா அறுபதைத் தாண்டி நின்றது. கருவிக்குக் காய்ச்சலோ என்று இரண்டாம் தட்டைச் சோதித்தேன். அதே கதை. நான்கு தட்டிலும் அதே கதை. லென்சை வைத்துப் பார்த்தால் பெரிய மணி, எண்ணெய் மினுக்கு. சந்தேகமே இல்லை (இந்த வாக்கியத்தை வாழ்க்கையில் நான் முதல்முறை சொன்னது அன்றுதான்), உள்ளூர்ச் சார்னோக்கைட்.

லென்சைத் துடைத்து இன்னொரு முறை பார்த்தேன். சந்தேகத்தில் இல்லை, ஆனந்தத்தில். ஆறு மாதமாக நான் காத்திருந்த திருட்டு.

அப்போதுதான் ஒரு கல்லைப் புரட்டினேன். அடியில் சின்னதாக ஒரு சிவப்புக் கறை. இன்னொரு கல்லிலும் இருந்தது. ஒரு சொட்டு அமிலம் விட்டேன், சிவப்பு மஞ்சளாக மாறியது. மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும், அமிலம் பட்டால் மீண்டும் மஞ்சளாகும். ஆக, அது குங்குமம். வேதியியல் முறைப்படி நிரூபித்துவிட்டேன்! பிரிண்டருக்குப் பொட்டு வைத்தால் புரிகிறது. லாரியில் வந்த கல்லுக்கு எவன் பொட்டு வைப்பான்? ஒரே ஒரு பதில்தான் எனக்குத் தோன்றியது. மாற்றிய கல் எது, மாற்றாத கல் எது என்று திருடர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட அடையாளம்.

முற்றத்தில் குவித்திருந்த நான்கு லாட்டையும் போய்ப் பார்த்தேன். அங்கே இருந்தது எல்லாம் அசல் பசால்ட், அதற்கே உரிய ஓட்டை ஓட்டையாக. வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் நின்று யோசித்திருப்பார்கள். நானும் யோசித்தேன். மேலே நல்ல கல்லைத் தூவி, அடியில் கள்ளக் கல்லைப் புதைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்தேன்.

நேராக ஜி.எம்.மிடம் போனேன். என் துரதிர்ஷ்டம், அவரும் என்னைப் போலவே சந்தேக இனம். நான் பேசி முடிக்கும்வரை என்னைக்கூடச் சந்தேகமாகத்தான் பார்த்தார். பிறகு எழுந்துபோய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டார்.

"யாருக்காவது சொன்னீங்களா?"

"இல்ல சார்."

"சொல்லாதீங்க. நாலு லாட்டுக்கும் சிவப்பு டேக் போடுங்க. காரணம் எழுத வேண்டாம். மறுபடி டெஸ்ட் பண்ணுங்க."

மறுபடி செய்தேன். மொத்தம் மூன்று முறை. சென்னையில் ஒரு சோதனைக்கூடத்துக்கும் அனுப்பினோம், இது பசால்ட்டே இல்லை என்று அவர்களும் சான்று கொடுத்தார்கள். குவியலை விட்டுவிட்டு அதே தட்டுகளிலிருந்து ஏன் எடுத்து அனுப்பினேன் என்று மட்டும் கேட்காதீர்கள்.

ஐந்தாவது லாரி மறுநாள் வர வேண்டும். பெங்களூர் சாலையில் வந்து, காஞ்சிபுரத்தில் திரும்பி, வாலாஜாபாத் வழியாக ஒரகடம் வரும். கிரஷர்கள் இருக்கும் அதே வழி! அறைத்தோழியின் ஸ்கூட்டரைக் கடன் வாங்கி, துப்பட்டாவால் கண்ணைத் தவிர முகம் முழுவதையும் சுற்றிக்கொண்டு, காலை எட்டு மணிக்கே வாலாஜாபாத்தில் ஒரு டீக்கடைக்கு எதிரே போய் நின்றேன்.

லாரி வந்தது. டீக்கடையில் நின்றது. டிரைவர் இறங்கினார். எங்கிருந்தோ டி.வி.எஸ்.ஸில் ஏகாம்பரம் அண்ணன் வந்தார்! இருவரும் தோளில் தட்டிக்கொண்டார்கள். டிரைவர் சீட்டுக்கு அடியிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தார். அண்ணன் அதைக் குழந்தையை வாங்குவது போல இரண்டு கையாலும் வாங்கி, பிரித்துப் பார்த்து, சிரித்து, வண்டிப் பெட்டிக்குள் வைத்தார். நான் போனில் படம் எடுத்துத் தள்ளினேன்.

"பேச்சிம்மா! இன்னா இந்தப் பக்கம்? வா, ஒரு டீ சாப்டு!"

துப்பட்டா எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கழுத்தில் தொங்கிய கம்பெனி அடையாள அட்டையைத்தான் மறைக்க மறந்துவிட்டேன். போய் டீ குடித்தேன். அவர் வாங்கிக் கொடுத்த அந்த டீயை அன்று மாலை ஜி.எம்.மிடம் கொடுத்த அறிக்கையில் 'சாட்சியைக் கலைக்க முயற்சி' என்று எழுதினேன்.

அந்த ஐந்தாவது லாரியிலிருந்து நானே கல் எடுத்துச் சோதித்தேன். சுத்தமான பசால்ட். நானும் ஜி.எம்.மும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"நாம கண்டுபிடிச்சிட்டோம்னு தெரிஞ்சிருச்சு. அதான் இந்த லோடு மட்டும் ஒழுங்கா வந்திருக்கு" என்றார் அவர்.

"அதேதான் சார்" என்றேன் நான்.

அந்த லாட்டுக்கும் சிவப்பு டேக் போட்டோம். அது ஆதாரமாம், தொடக் கூடாதாம்.

மறுநாள் காலை ஏகாம்பரம் அண்ணனை கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். விசாரணை முடியும்வரை உள்ளே வரக் கூடாது. என்ன விசாரணை என்று சொல்லவில்லை. அவர் வீட்டுக்குப் போகவில்லை. யூனிஃபார்மோடு, டிபன் டப்பாவோடு, எதிரே இருந்த பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்துவிட்டார். மறுநாளும் வந்து உட்கார்ந்தார். எங்கள் பஸ் உள்ளே திரும்பும்போது என்னைப் பார்த்து எப்போதும் போலக் கையை ஆட்டினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். குற்றவாளி எப்படி இவ்வளவு சாதாரணமாக இருக்க முடியும், பெரிய கைகாரர்தான் என்று சொல்லி மனதைச் சமாதானப்படுத்தினேன்.

இதற்கிடையே உலைக்குப் பசி எடுத்தது. பழைய இருப்பு தீர்ந்துகொண்டே வந்தது, புது லாட் எல்லாம் சிவப்பு டேக்கில். மூன்றாம் நாள் மதியம் உலையை நிறுத்த உத்தரவு வந்தது. நிறுத்தும்போது உள்ளே இருக்கும் குழம்பை அடித்துளை வழியாக முழுவதும் வடித்துவிட வேண்டும். குழம்பு குறைந்து, சூடும் குறைந்திருந்த நேரம். வடியும் துளைதான் முதலில் உறைந்தது. கம்பியை விட்டுக் குத்தினார்கள், காஸ் வைத்துச் சுட்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை. சில டன் எரிமலைக் குழம்பு உலைக்குள்ளேயே மெல்ல மெல்லக் கல்லாகிவிட்டது. ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் இயற்கை செய்த வேலையை, ஒரகடத்தில் ஒரே மதியத்தில் நான் செய்து முடித்தேன்.

இரண்டு நாள் கழித்து விசாரணை. நீள மேசை. ஜி.எம். நடுவில், அவர் முன்னால் ஒரு தாள் கவிழ்த்து வைத்திருந்தது. பணிநீக்க உத்தரவு, கையெழுத்து மட்டும் பாக்கி. ஒரு பக்கம் நான், நான்கு தட்டுகளோடு. எதிர்ப்பக்கம் ஏகாம்பரம் அண்ணன். அப்போதும் என்னைப் பார்த்து, "சாப்ட்டியாம்மா?" என்றார்.

ஜி.எம். குற்றச்சாட்டைப் படித்தார். அண்ணனின் முகம் மாறியதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"நெலத்த குடுத்தோம், வேல குடுத்தீங்கோ. இப்போ ஃபர்னஸ் நிக்கற எடம் எங்க கெணத்து மேடு சார். எங்க எடத்துல வந்து நானே திருடுவனா?"

"அப்போ இது என்ன?" என்று நான் போனை நீட்டினேன். பொட்டலம் கைமாறும் படம்.

அவர் பார்த்தார். பிறகு வெளியே போய், இத்தனை நாளும் வண்டிப் பெட்டியிலேயே கிடந்த அந்தப் பொட்டலத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்துப் பிரித்தார்.

ஒரு கருப்புக் கல். நடுவில் பெரிய குழி. குழி நிறைய வெள்ளை வெளேரென்று படிகங்கள், கொத்துக் கொத்தாக. எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, ஜியோலைட். புத்தகத்தில் படமாகப் பார்த்திருந்தேன், நேரில் பார்த்ததில்லை.

"அவுங்க ஊரு குவாரில இது கெடைக்கும் சார். எனக்கு ஆசன்னு அந்த டிரைவர் தம்பி எப்பவாச்சும் ஒண்ணு பொறுக்கினு வருவான். வூட்டு ஷோகேஸ்ல நெறய வெச்சிக்கீறேன். கொழம்பு ஆறச்சொல்லோ காத்து பூந்து ஓட்ட வுழுது இல்ல? அந்த ஓட்டைல சுடுதண்ணி ஊறி ஊறித்தான் இது பூக்குமாம். ஓட்ட இல்லன்னா பூ இல்ல."

ஐந்து வருடம் கல்லூரியில் படித்த எனக்கே அவர் பாடம் எடுத்தார். அவர் கையை நீட்டி என் தட்டிலிருந்து ஒரு கல்லை எடுத்தார். இப்படிப் பார்த்தார், அப்படிப் பார்த்தார். இரண்டாம் தட்டிலிருந்து ஒன்று, மூன்றாம் தட்டிலிருந்து ஒன்று.

"இன்னாம்மா இது? ஒண்ணுத்துல கூட ஓட்ட இல்லியே. எங்கையால எடுத்து வெச்சது அத்தினியும் ஓட்டக் கல்லாச்சே. இது நம்ம கல்லே இல்ல."

"நம்ம கல் இல்லைன்னுதான் நாங்களும் சொல்றோம்" என்றார் ஜி.எம்., வெற்றிக் களிப்போடு.

அந்த நேரத்தில்தான் கஸ்தூரி அக்கா டீத் தட்டோடு உள்ளே வந்தார். டீயை வைத்தார். மேசையில் இருந்த கற்களைப் பார்த்தார். முகமெல்லாம் மலர்ந்தது.

"அது நான் வெச்ச கல்லு சார்."

ஜி.எம். கையிலெடுத்த டீயைத் திரும்ப மேசையில் வைத்தார்.

"பூஜைக்கு லேப தொடச்சேன் இல்ல, அப்போ பாத்தேன். தட்டுல கீற கல்லெல்லாம் ஒரே ஓட்ட, ஒடசல். சாமி முன்னாடி பின்னமான கல்ல வெப்பாங்களா? கம்பெனிக்கு ஆவுமா? அதான் காம்பவுண்டு செவுத்துக்கு கொட்டி வெச்சிருந்த கல்லுல நல்லதா முழுசா பொறுக்கி, கழுவி, மேல கற படாம அடியில பொட்டு வெச்சி, அதே தட்டுல அதே எண்ணிக்கைல வெச்சேன். லேபுக்கு ஆயுதமே கல்லுதான?"

"பழைய கல்லு?" என்று கேட்டது நான்தான்.

"யார்டுல குமிச்சிக் கீதே, அதுலயே போட்டுட்டேன் கண்ணு. கம்பெனி கல்லாச்சே, தூக்கிப் போட மனசு வரல."

"இதை ஏம்மா யார்கிட்டயும் சொல்லல?" ஜி.எம்.முக்கு மூச்சு வாங்கியது.

"யாரு சார் கேட்டீங்க? ஒரு வாரமா எல்லாரும் கதவச் சாத்திக்கினு பேசினு கீறீங்க. டீ குடுக்கக்கூட உள்ள வுடல."

நாங்கள் அவ்வளவு நன்றாக ரகசியம் காத்திருந்தோம்.

ஜி.எம். அந்தக் கவிழ்த்த தாளை எடுத்து, மடித்து, மீண்டும் மடித்து, கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்னிடம் எந்தச் சோதனைக் கருவியும் கிடையாது. என் தகுதிகாண் காலம் மேலும் ஆறு மாதம் நீண்டது. அது போதாதென்று, உலையை உடைத்துச் சுத்தம் செய்யும்வரை நானும் அங்கேயே இருக்க வேண்டும் என்றும், உடைந்து வரும் கல்லை ஆராய்ந்து அறிக்கை கொடுக்க வேண்டும் என்றும் உத்தரவு. (அது தண்டனைதான். அந்த அறிக்கையை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.)

ஜாக்ஹேமர் வைத்து உடைத்தார்கள். ஓரத்துத் துண்டுகள் கருப்புக் கண்ணாடி போல மின்னின, சுவரை ஒட்டிச் சட்டென்று ஆறியதால் மணி கட்ட நேரமில்லை. நடுவில் இருந்த துண்டுகள் மெதுவாக ஆறியவை, லென்சில் பார்த்தால் குட்டிக் குட்டிப் படிகங்கள் கண் திறந்திருந்தன. ஒரே குழம்பு, ஆறிய வேகம் மட்டும் வேறு. பாடப்புத்தகத்தில் இரண்டு மதிப்பெண் கேள்வி அது. அங்கே தலையில் ஹெல்மெட்டோடு, தூசியில் இருமிக்கொண்டு, மொத்தக் கம்பெனியும் வேடிக்கை பார்க்கப் படித்தேன்.

மதிய இடைவேளையில் ஏகாம்பரம் அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். டிபன் டப்பாவைத் திறந்தார். முறுக்கு. நான் அழுதுவிட்டேன்.

"என்ன மன்னிச்சிருங்கண்ணே. உங்க வேலய கெடுக்கப் பாத்தேன். நான் பாவி."

அவர் முறுக்கை மென்றுகொண்டே சொன்னார்.

"எனக்குக் கோவம் இல்லன்னா அது பொய்யி. ரெண்டு நாளு அந்த பஸ் ஸ்டாப்புல குந்திக்கினு, வூட்ல இன்னா சொல்றதுன்னு தெரியாம தவிச்சேன். வேல போச்சுன்னா எனக்கு வேற இன்னா கீது? என்ன ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் இல்ல? அடுத்த ரூம்லதான கீறேன்."

அடுத்த அறைக்குப் பத்தடி நடந்து கேட்டிருக்க வேண்டியதை, வாலாஜாபாத்வரை ஸ்கூட்டரில் போய்த் துப்பறிந்தவள் நான்.

அதன் பிறகு ஒவ்வொரு லாட்டையும் நானும் அவரும் சேர்ந்தே பார்த்தோம். ஓட்டையை வைத்தே எந்த அடுக்கிலிருந்து வெட்டிய கல் என்று அவர் சொல்வார், கருவியை வைத்து நான் சரிபார்ப்பேன். (பெரும்பாலும் அவர்தான் சரி.) அடுத்த ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கஸ்தூரி அக்கா வந்து, "கண்ணு, இந்த வருசம் ஓட்டக் கல்லுக்கே பொட்டு வெச்சிறட்டா? சாமி மன்னிச்சிரும்" என்று அனுமதி கேட்டார். எழுத்தில் கொடுத்தேன்.

இரண்டு வருடம் கழித்து எனக்குக் கோவில்பட்டியில் கல்யாணம். ஏகாம்பரம் அண்ணனும் கஸ்தூரி அக்காவும் ஒரகடத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார்கள். மேடையில் அண்ணன் என் கையில் ஒரு பொட்டலத்தை வைத்தார், செய்தித்தாளில் சுற்றியது. கனம் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பிரித்தேன். அதே கல், குழி நிறைய வெள்ளைப் பூ. அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில், மாலையும் கழுத்துமாக நின்றுகொண்டு, நான் என்ன செய்தேன் தெரியுமா? கல்லைக் கவிழ்த்து அடிப்பக்கம் பார்த்தேன்.

அடியில் சின்னதாக ஒரு குங்குமப் பொட்டு.

"நீ பாப்பன்னு தெரியும்! அதான் வெச்சினு வந்தேன்!" அண்ணன் கைதட்டிச் சிரித்தார். கஸ்தூரி அக்கா சிரித்தார். விஷயம் தெரியாத என் வீட்டுக்காரருக்கு அண்ணன் அங்கேயே, ஃபோட்டோகிராபர் காத்திருக்க, முழுக் கதையையும் சொன்னார். அன்றோடு என் மானம் போயிற்று.

அந்தக் கல் இப்போது எங்கள் வீட்டு ஷோகேஸில் இருக்கிறது. வருடம் தவறாமல் ஆயுத பூஜையன்று அதன் அடியில் பொட்டைப் புதுப்பிக்கிறோம். நான் பால் பாக்கெட்டை முகர்ந்து பார்த்தால், கறிவேப்பிலையைத் திருப்பிப் பார்த்தால், வீட்டுக்காரர் போனை கவிழ்த்து வைத்திருக்கிறாரே என்று ஒரு பார்வை பார்த்தால் போதும், "பொட்டு இருக்கா பாத்துக்கோ" என்கிறார். அம்மாவும் ஊரிலிருந்து போனில் அதையே சொல்லப் பழகிவிட்டாள்.

போன வாரம் என் மகள் பள்ளியிலிருந்து ஓடிவந்து கணக்குத் தாளை நீட்டினாள். நூற்றுக்கு நூறு. என் மகளுக்கு, கணக்கில், நூற்றுக்கு நூறு! ஒரு வார்த்தை பாராட்டுவதற்கு முன்னால் என் கை தானாகத் தாளைத் திருப்பிவிட்டது.

அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"பொட்டு இல்லம்மா. நான்தான் எழுதுனேன். பக்கத்துலதான நிக்கேன், கேட்டிருக்கலாம்ல?"